கருங்கூந்தல், முத்துப் பல், மஞ்சள் தோல்: ஃபிராங்கன்ஸ்டைன் படைத்த ராட்சதன் உண்மையில் எப்படி இருந்தான்?

கேள்வி இதுதான்: ஃபிராங்கன்ஸ்டைன் கதையில் வரும் ராட்சதனுக்குப் பச்சைத் தோல், தட்டைத் தலை, கழுத்தின் இரண்டு பக்கமும் போல்ட் என்று நாம் பார்த்துப் பழகிய உருவம் நாவலிலேயே இருக்கிறதா? இல்லையென்றால் மேரி ஷெல்லி அவனை எப்படித்தான் எழுதியிருக்கிறார்?

இந்த மூன்றில் ஒன்றுகூட நாவலில் கிடையாது. தையல் தழும்புகளும் கிடையாது. அவன் பெயர் ஃபிராங்கன்ஸ்டைனும் அல்ல. அது அவனைச் செய்த மாணவனின் குடும்பப் பெயர், விக்டர் ஃபிராங்கன்ஸ்டைன். செய்யப்பட்டவனுக்குக் கடைசிவரை பெயரே வைக்கப்படவில்லை. அதனால் இந்தப் பதில் முழுக்க அவனை ‘அவன்’ என்றே சொல்லப் போகிறேன்.

நாவல் 1818 ஜனவரி 1 அன்று லண்டனில் மூன்று பாகங்களாக, ஆசிரியர் பெயர் போடாமல், 500 பிரதி வந்தது. அவன் உயிர் பெறும் காட்சி ஒரு நவம்பர் மாத இரவில் நடக்கிறது. இடம் ஜெர்மனியின் இங்கோல்ஸ்டாட் நகரம். மணி நள்ளிரவு 1, சன்னல் கண்ணாடியில் மழை தட்டிக்கொண்டிருக்கிறது, மெழுகுவர்த்தி எரிந்து தீரும் நிலையில் இருக்கிறது. அந்த அணையப் போகும் வெளிச்சத்தில் விக்டர் பார்ப்பதைத்தான் மேரி எழுதுகிறார். பெரிய இயந்திரமோ, கூரையைப் பிளக்கும் மின்னலோ அங்கே இல்லை. உயிர் கொடுக்கும் கருவிகளைச் சுற்றிலும் எடுத்து வைத்தேன் என்று மட்டும் விக்டர் சொல்வான். என்ன கருவி, எப்படி என்று சொல்ல மாட்டான்.

வருணனை நாலைந்து வரிதான். ஓரளவு நெருக்கமாகத் தமிழில் தருகிறேன்:

“கைகால்கள் அளவாக இருந்தன. முகத்தின் அங்கங்களை அழகானவையாகப் பார்த்துத்தான் பொறுக்கியிருந்தேன். அழகு! கடவுளே! அடியில் இருந்த தசைகளையும் நாளங்களையும் மூடி மறைக்க அந்த மஞ்சள் தோல் போதவில்லை. முடி பளபளவென்று கறுப்பாக அலைந்து விழுந்தது. பற்கள் முத்துப் போன்ற வெண்மை. ஆனால் இந்தச் செழிப்பெல்லாம் சேர்ந்து, நீர் கோத்த அந்தக் கண்களை இன்னும் கோரமாகக் காட்டின. கண்ணின் நிறமும் அது பதிந்திருந்த குழியின் நிறமும் ஏறக்குறைய ஒன்றுதான், மங்கிய வெள்ளை. முகத்தோல் சுருங்கியிருந்தது. உதடுகள் நேர்க்கோடாக, கறுப்பாக இருந்தன.”

முதல்முறை படித்தபோது நான் நின்றுவிட்ட இடம் அந்தக் கூந்தலும் பல்லும். கருங்கூந்தல், முத்துப் பல். நம் புலவர்கள் கேசாதிபாதம் பாடும்போது தலைவிக்குக் கொடுக்கும் அதே உவமைகள். ஐரோப்பியக் காதல் கவிதைகளிலும் இப்படி ஒவ்வோர் அங்கமாக எடுத்து அழகைப் பட்டியல் போடும் வழக்கம் உண்டு. மேரி அந்தப் பட்டியலை அப்படியே எடுத்துக்கொண்டு, நடுவே நீர் கோத்த இரண்டு கண்களை வைக்கிறார். அவ்வளவுதான், மொத்த முகமும் கெட்டுப்போகிறது. தனித்தனியாக எடுத்தால் பல்லில் குறையில்லை, முடியில் குறையில்லை. சேர்த்து வைத்தபோதுதான் வினை.

உயரம் 8 அடி. அதாவது ஏறக்குறைய 244 சென்டிமீட்டர். உடம்பும் அதற்கேற்ற பருமன். பயமுறுத்த வேண்டும் என்பதற்காக விக்டர் இந்த அளவைத் தேர்ந்தெடுக்கவில்லை. மனித உடம்பின் உள்ளுறுப்புகள் மிக நுண்ணியவை, அவற்றை அதே அளவில் செய்யப் போனால் வேலை இழுக்கும், பெரிதாகச் செய்தால் சீக்கிரம் முடியும் என்று கணக்குப் போடுகிறான். அவசரம்தான் காரணம். பின்னால் அவன் எங்கே போனாலும் ஊரே ஓடுவதற்கு அந்த உயரமும் ஒரு காரணம் ஆகிறது. படைத்தவனின் பொறுமையின்மையை வாழ்நாள் முழுக்க அவன் உடம்பில் சுமந்து திரிகிறான்.

பொருள்கள் எங்கிருந்து வந்தன? எலும்புகள் பிணக்கிடங்குகளிலிருந்து. மற்றவை உடற்கூறு படிக்கும் அறையிலிருந்தும், ஆடு மாடு அறுக்கும் கூடத்திலிருந்தும். இந்தக் கடைசி விவரத்தைப் பலர் கவனிக்காமல் தாண்டிவிடுவார்கள். அவனுடைய உடம்பில் மனிதப் பாகங்கள் மட்டுமே இருப்பதாக நாவல் சொல்லவில்லை, விலங்கின் பாகங்களும் சேர்ந்திருக்கின்றன. எது எது என்று விக்டர் விவரிப்பதில்லை. ஆனால் அவன் பிற்பாடு கொட்டைகளையும் காட்டுப் பழங்களையும் தின்றே வாழ்வதும், மனிதர் தாங்காத குளிரைத் தாங்குவதும் படிக்கும்போது அந்த அறுப்புக் கூடம் எனக்கு ஞாபகம் வராமல் போனதில்லை.

இனி அந்த மஞ்சள் தோல். நிறத்தைவிட முக்கியம், அது போதாமல் இருப்பது. எட்டடி உடம்புக்குத் தோல் பற்றவில்லை, உள்ளே ஓடுவது வெளியே தெரிகிறது. மஞ்சளை ஆய்வாளர்கள் பலவிதமாகப் படித்திருக்கிறார்கள். அந்தக் காலத்து ஐரோப்பிய மருத்துவர்கள் மனித இனங்களைத் தோல் நிறத்தாலும் முடியாலும் வகைப்படுத்திக்கொண்டிருந்தார்கள், மஞ்சள் தோலும் கரிய முடியும் ஆசியர்களுக்கான அடையாளமாக எழுதப்பட்டன, எனவே ஐரோப்பா பயந்த அந்நியனின் முகம் இது என்பது ஒரு வாசிப்பு. இதற்கு நாவலிலேயே ஒரு பிடி இருக்கிறது. வட துருவக் கடலில் கப்பல் மாட்டிக்கொண்ட வால்ட்டன் என்ற துருவப் பயணி, தூரத்தில் சறுக்குவண்டியில் போகும் அவனை முதலில் பார்க்கிறான். அடுத்த நாள் விக்டர் வந்து சேர்ந்ததும், முந்தியவன் ஏதோ கண்டறியப்படாத தீவின் காட்டுவாசி போலத் தெரிந்தான், இவனோ ஐரோப்பியன் என்று எழுதுகிறான்.

எனக்கு இன்னொரு வாசிப்புதான் நெஞ்சில் தங்கியிருக்கிறது. மஞ்சள் தோல், தோலுக்கு அடியில் தெரியும் நாளங்கள், சுருக்கம், நிறம் தெளியாத நீர் கோத்த கண். பிறந்து ஒரு நாளான குழந்தையைக் கையில் வாங்கியவர்களுக்கு இந்த முகம் பழக்கமானது. குறைமாதக் குழந்தையாக இருந்தால் இன்னும் நன்றாகத் தெரியும். மேரிக்கு 1815 பிப்ரவரியில் குறைமாதத்தில் ஒரு பெண் குழந்தை பிறந்து, இரண்டு வாரத்துக்குள் இறந்துபோனது. அப்போது அவருக்கு வயது 17. மார்ச் 19ஆம் தேதி நாட்குறிப்பில் எழுதுகிறார்: குழந்தை திரும்ப உயிர் பெற்றதாகக் கனவு கண்டேன், வெறும் குளிரில்தான் விறைத்திருந்தது, நெருப்புக்கு முன்னால் வைத்துத் தேய்த்தோம், பிழைத்துக்கொண்டது. விழித்தால் குழந்தை இல்லை.

அடுத்த வருடம், 1816 ஜூனில், ஜெனீவா ஏரிக்கரையில் இந்தக் கதையைத் தொடங்குகிறார். இந்தோனேசியாவின் தம்போரா எரிமலை 1815இல் வெடித்து வானத்தை மூடியதால் ஐரோப்பாவில் கோடைக்காலமே வராத வருடம் அது. மழை விடவில்லை. கவிஞர் பைரன் தங்கியிருந்த டியோடாட்டி மாளிகையில் ஆளுக்கொரு பேய்க்கதை எழுதுவது என்று பேச்சாகிறது. மேரியின் கையில் அப்போது 5 மாதக் குழந்தை, பெயர் வில்லியம். ஒரு குழந்தையைப் புதைத்து, இன்னொன்றைத் தூக்கி வைத்திருக்கும் 18 வயதுத் தாய் எழுதிய முகம் இது. பிணத்தின் தோலும் பச்சைக் குழந்தையின் தோலும் ஒன்றாகவே அந்த முகத்தில் இருக்கின்றன என்று நான் நினைக்கிறேன். பார்க்கிறவனுக்கு அது செத்ததா பிறந்ததா என்று முடிவு செய்ய முடியவில்லை. குமட்டல் அங்கேதான் வருகிறது.

விக்டர் பயப்படும் நேரத்தையும் கவனியுங்கள். ஏறக்குறைய இரண்டு வருடம் அந்த உடம்போடு ஒரே அறையில் இருந்திருக்கிறான். ஒவ்வொரு துண்டையும் கையால் தொட்டுச் சேர்த்தவன். முடிக்காமல் கிடந்தபோதும் உற்றுப் பார்த்திருக்கிறேன், அப்போதும் அவலட்சணம்தான், ஆனால் தசையும் மூட்டும் அசையத் தொடங்கியதும் நரகத்தைப் பாடிய கவிஞர் தாந்தேயாலும் கற்பனை செய்ய முடியாத ஒன்றாகிவிட்டது என்று அவனே சொல்கிறான். உயிர் வந்த மம்மிகூட இவ்வளவு கோரமாக இருக்காது என்கிறான். அப்படியென்றால் நேற்றுக்கும் இன்றைக்கும் என்ன மாறியது? மூக்கு மாறவில்லை, தோல் மாறவில்லை. கண் திறந்தது, அது இவனைத் திரும்பிப் பார்த்தது. அந்த இரவில் முதலில் அசைந்ததும் கண்தான். மங்கிய மஞ்சள் கண் திறந்தது, பிறகு மூச்சு, பிறகு கைகால்களில் ஓர் உதறல். இந்த வரிசையை மேரி யோசித்துத்தான் வைத்திருக்கிறார்.

விக்டர் ஓடிப்போய்த் தன் படுக்கையில் விழுகிறான். கெட்ட கனவு கண்டு திடுக்கிட்டு விழிக்கிறான். நிலா வெளிச்சத்தில், படுக்கையின் திரைச்சீலையைத் தூக்கிப் பிடித்தபடி அவன் நிற்கிறான். வாய் திறக்கிறது, வார்த்தை ஆகாத ஏதோ ஒலி வருகிறது, ஓர் இளிப்பு கன்னத்தைச் சுருக்குகிறது. ஒரு கை நீள்கிறது. தன்னைப் பிடித்து நிறுத்த நீண்ட கை என்று விக்டருக்குத் தோன்றுகிறது. தப்பித்து ஓடிவிடுகிறான். விக்டர் சொன்னதை எடுத்துவிட்டு, நடந்ததை மட்டும் பாருங்கள். பிறந்து சற்று நேரமே ஆன ஓர் உயிர், தன்னைப் பெற்றவனைத் தேடி வந்து, மழலையில் ஏதோ சொல்லி, சிரித்து, கையை நீட்டுகிறது. நாவலில் இந்தக் கை மறுபடி மறுபடி வரும். நானும் அதைத்தான் தொடர்ந்து போகப் போகிறேன்.

நடை பற்றி ஒன்று சொல்ல வேண்டும், ஏனென்றால் சினிமா இங்கேதான் நம்மை ரொம்பவும் ஏமாற்றியிருக்கிறது. கையை முன்னால் நீட்டிக்கொண்டு, முட்டி மடங்காமல், தட்டுத் தடுமாறி நடப்பான் என்பது நம் மனத்தில் பதிந்த படம். நாவலில் அவன் மான் மாதிரி. ஜெனீவாவுக்கு வெளியே மின்னல் வெளிச்சத்தில் விக்டர் அவனை ஒரு கணம் பார்க்கிறான், அடுத்த மின்னலில் அவன் சலேவ் மலையின் செங்குத்துப் பாறையில் தொற்றிக்கொண்டிருக்கிறான், சற்றைக்கெல்லாம் உச்சியில் மறைந்துவிடுகிறான். ஆல்ப்ஸ் மலையில் ஷாமோனி என்ற ஊருக்கு மேலே இருக்கும் பனியாற்றில், விக்டர் பார்த்துப் பார்த்துக் கால் வைத்துக் கடந்த வெடிப்புகளை அவன் ஒரே தாவாகத் தாண்டி வருகிறான். மேரி 1816 ஜூலையில் அந்தப் பனியாற்றுக்கே போய் நின்று பார்த்தவர். வெடிப்பு எவ்வளவு ஆழம் என்று தெரிந்துதான் அவனைத் தாவ விட்டிருக்கிறார்.

பேச்சும் அப்படித்தான். உறுமல் கிடையாது. மில்டனின் ‘பாரடைஸ் லாஸ்ட்’ படித்தவன், புளூட்டார்க் படித்தவன், பக்கம் பக்கமாக வாதாடுவான். குரல் கரகரப்பாக இருந்தாலும் அதில் பயங்கரம் ஒன்றும் இல்லை என்று அவனே சொல்கிறான். இந்தக் குரலை நம்பித்தான் நாவலில் ஒரு பரீட்சை வைக்கப்படுகிறது.

அதற்கு முன்னால் குளம். காட்டோரக் குடிசை ஒன்றில் டி லாசி என்ற ஏழைக் குடும்பம் இருக்கிறது. அதை ஒட்டிய கொட்டிலில் ஒளிந்துகொண்டு, சுவர் இடுக்கு வழியாக அவர்களைப் பார்த்துப் பார்த்துத்தான் பேச்சும் படிப்பும் கற்கிறான். அவர்களுடைய முகத்தின் அழகை ரசிக்கிறான். ஒரு நாள் தெளிந்த நீரில் தன் முகம் தெரிகிறது. முதலில் பின்வாங்குகிறான், அது தான்தான் என்று நம்ப முடியவில்லை. நம்பியபிறகு அவனுக்கு வரும் துக்கம் சாதாரணமானதில்லை. மில்டனின் காவியத்தில் ஏவாள் படைக்கப்பட்டதும் நீரில் தன் முகத்தைப் பார்த்து அதன் அழகில் மயங்கி நிற்பாள். அந்தக் காட்சியை மேரி அப்படியே தலைகீழாக்குகிறார். எல்லாரும் பயப்படும் அந்த முகத்தைப் பார்த்து, அதற்குச் சொந்தக்காரனே பயப்படுகிறான். அவனுக்கென்று வேறு கண் இல்லை. அழகு எது என்பதை அவன் நம்மிடமிருந்துதான் கற்றுக்கொண்டான்.

அந்தக் குடும்பத்துப் பெரியவருக்குக் கண் தெரியாது. பிள்ளைகள் வெளியே போன நேரம் பார்த்து உள்ளே வருகிறான். பேசுகிறான். பெரியவர் சொல்கிறார்: எனக்குப் பார்வை இல்லை, உன் முகத்தை வைத்து எதுவும் சொல்ல முடியாது, ஆனால் உன் பேச்சில் உண்மை இருக்கிறது. நாவல் முழுவதிலும் ஒரு மனிதர் அவனோடு மனிதராகப் பேசுவது இந்தச் சில நிமிடம்தான். வெளியே காலடிச் சத்தம் கேட்கிறது. நேரம் இல்லை. பெரியவரின் கையைப் பற்றிக்கொண்டு, காப்பாற்றுங்கள் என்று கெஞ்சுகிறான். கதவு திறக்கிறது. பார்வை உள்ளவர்கள் வந்துவிட்டார்கள். மகள் அகதா மயங்கி விழுகிறாள், மகனின் காதலி சஃபி வெளியே ஓடுகிறாள், மகன் ஃபெலிக்ஸ் அவனைத் தந்தையின் காலிலிருந்து பிய்த்தெடுத்துத் தடியால் அடிக்கிறான். சிங்கம் மானைக் கிழிப்பது போல ஃபெலிக்ஸைக் கிழித்திருக்க முடியும். கை ஓங்கவில்லை, வெளியேறிவிடுகிறான். அவன் எப்படி இருந்தான் என்ற கேள்விக்கு நாவலில் இருக்கும் முழுமையான விடை, என்னைக் கேட்டால், அந்தக் கதவு திறப்பதற்கு முன்னும் பின்னுமான இரண்டு நிமிடங்கள்.

பனியாற்றுக்கு மேல் விக்டரைச் சந்திக்கும்போது இதை அவன் புரிந்துகொண்டவனாக இருக்கிறான். என் கண்ணெதிரே நிற்காதே என்று விக்டர் கத்துகிறான். அவன் தன் இரண்டு கைகளையும் எடுத்து விக்டரின் கண்ணை மூடுகிறான். இதோ, நீ வெறுக்கும் காட்சியை எடுத்துவிட்டேன், இனி நான் சொல்வதைக் கேட்கலாமே என்கிறான். விக்டர் அந்தக் கைகளைத் தட்டிவிடுகிறான்.

சரி, இப்படிப்பட்டவன் எப்படி அந்தத் தட்டைத் தலையன் ஆனான்?

முதல் மாற்றம் நாடக மேடையில் நடந்தது. 1823இல் லண்டன் இங்கிலிஷ் ஆப்பெரா ஹவுஸில் ரிச்சர்ட் பிரின்ஸ்லி பீக் எழுதிய நாடகம் அரங்கேறியது, டி. பி. குக் அவனாக நடித்தார். முடி கறுப்பாக அலைந்தது, அந்த மட்டும் நாவல்தான். ஆனால் உடம்பு இளநீலமும் சாம்பலும் கலந்த நிறம், உடம்போடு ஒட்டிய உடை. பேச்சு முழுக்கப் பிடுங்கப்பட்டுவிட்டது. அவன் ஊமையானது அன்றைக்குத்தான். நடிகர் பட்டியலில் அவன் பெயர் வரவேண்டிய இடத்தில் வெறும் கோடு போட்டிருந்தார்கள். ஆகஸ்ட் மாதம் போய்ப் பார்த்த மேரிக்கு, பெயரில்லாதவனுக்குப் பெயர் வைத்த அந்த விதம் பிடித்திருந்தது.

1831இல் திருத்திய பதிப்பு வந்தபோது முன்பக்கத்துக்கு தியோடர் வான் ஹோல்ஸ்ட் வரைந்த படம் சேர்க்கப்பட்டது. மேரி உயிரோடு இருக்கும்போதே, அவர் பெயர் போட்ட புத்தகத்தில் வந்த படம் என்பதால் இதை நான் முக்கியமாக நினைக்கிறேன். தரையில் ஓர் எலும்புக்கூட்டின் மேல் உட்கார்ந்த நிலையில், கட்டுடலோடு, நீண்ட முடியோடு ஓர் இளைஞன். முகத்தில் கொடூரம் இல்லை, திகைப்புதான் இருக்கிறது. ஓரத்தில் விக்டர் கதவு வழியாக ஓடிக்கொண்டிருக்கிறான். அந்தப் பதிப்பின் முன்னுரையிலும் மேரி திரும்பப் பிடித்துக்கொள்வது கண்ணைத்தான். திரைச்சீலையை விலக்கி, மஞ்சளான, நீர் கோத்த, ஆனால் எதையோ யோசிக்கும் கண்களால் பார்க்கிறான் என்று எழுதுகிறார். யோசிக்கும் கண் என்பது 1831இல் அவர் சேர்த்த சொல். ஓவியரும் அந்தத் திகைப்பைப் பிடித்திருக்கிறார்.

எடிசன் நிறுவனம் 1910இல் எடுத்த குறும்படத்தில் சார்ல்ஸ் ஓகிள் பரட்டைத் தலையோடு ஒரு கொப்பரையிலிருந்து எழுந்து வருவார். அதைத் தாண்டி நேரே 1931க்கு வந்துவிடலாம். யூனிவர்சல் படம், இயக்கம் ஜேம்ஸ் வேல், நடிப்பு போரிஸ் கார்லோஃப், ஒப்பனை ஜாக் பியர்ஸ். நாம் பார்த்துப் பழகிய உருவம் இந்த மூன்று பேர் செய்தது, முக்கியமாகப் பியர்ஸ்.

பியர்ஸ் வேலை செய்த விதம் எனக்கு மிகவும் பிடிக்கும். அலங்காரமாக எதையும் வைக்கவில்லை, ஒவ்வொன்றுக்கும் காரணம் சொல்வார். ஃபிராங்கன்ஸ்டைன் ஒரு விஞ்ஞானி, மண்டைக்குள் மூளையை வைக்க அவன் என்ன செய்வான்? பானையின் மூடியைப் போல மண்டையின் மேல்பக்கத்தை நேராக அறுத்து, மூளையை வைத்து, மூடிக் கவ்விபோட்டு இறுக்குவான். அதனால் தலை தட்டை, நெற்றியில் கவ்வி. கழுத்தில் இருப்பவை போல்ட் அல்ல, மின்சாரம் உள்ளே போவதற்கான முனைகள். நாவலில் விக்டர் மூடி வைத்த ரகசியத்தைப் படம் மின்சாரமாக்கிவிட்டது, மின்சாரம் என்றால் இணைப்பு வேண்டுமே. நெற்றியைப் பஞ்சும் கொலோடியன் திரவமும் அடுக்கடுக்காகப் பூசி எழுப்பினார். முகத்துக்குப் பச்சை சாயல் கொண்ட சாம்பல் பூச்சு. படம் கறுப்பு வெள்ளை, அந்தப் பச்சை திரையில் பிணத்தின் வெளிறலாக விழும். பார்வையாளர் பச்சையைத் திரையில் பார்க்கவே இல்லை. பிறகு வந்த வண்ணப் படங்களும் பொம்மைகளும் முகமூடிகளும்தான் அவனை இலைப் பச்சையாக ஆக்கின.

தினமும் ஏறக்குறைய நாலு மணி நேரம் கார்லோஃப் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அவர் கொடுத்த யோசனைகள் இரண்டு. கண் ரொம்ப உயிரோடு, புத்தியோடு தெரிகிறது என்று சொல்லி, இமையின் மேல் மெழுகு வைத்துக் கனமாக்கச் சொன்னார். வாயில் இருந்த கட்டுப்பல்லைக் கழற்றிவிட்டு ஒரு கன்னத்தைக் குழிய விட்டார். மேரி எல்லாக் கோரத்தையும் வைத்த அதே இடத்தில், கண்ணில், நூறு வருடம் கழித்து ஒரு நடிகரும் கை வைத்தார் என்பது எனக்கு ஆச்சரியம். அப்புறம் கோட்டின் கையைக் குட்டையாகத் தைத்தார்கள், மணிக்கட்டு வெளியே வந்து கை இன்னும் நீளமாகத் தெரிவதற்கு. காலில் கனத்த, உயரமான பூட்ஸ். கார்லோஃப் ஆறடிக்கும் சற்றுக் குறைவுதான். அந்தக் கனத்த நடை பூட்ஸின் எடையிலிருந்து வந்தது.

இந்த முகத்தால் இழந்ததும் உண்டு. படத்தில் குற்றவாளியின் மூளை வைக்கப்பட்டதாக ஒரு கதை சேர்த்தார்கள், முன்தள்ளிய புருவமும் தட்டை நெற்றியும் அதற்குச் சாட்சி சொல்வது போல அமைந்துவிட்டன. பார்த்தவுடனே இவன் மந்தம், இவன் ஆபத்து என்று முகமே தீர்ப்புச் சொல்லிவிடுகிறது. முகத்தை வைத்துத் தீர்ப்புச் சொல்லாதவர் கண் தெரியாத ஒருவர்தான் என்று எழுதிய நாவலுக்கு இது பெரிய நஷ்டம். பேச்சும் இல்லை. ஆனாலும் கார்லோஃப் ஒரு காட்சியில் நாவலை மீட்டுக்கொடுக்கிறார். இருட்டிலேயே வைக்கப்பட்டிருந்தவனுக்கு மேலே கூரைக் கதவு திறக்கிறது. வெளிச்சம் விழுகிறது. மெழுகு வைத்த இமைகளைத் தூக்கி அண்ணாந்து பார்க்கிறான், இரண்டு கைகளும் மெதுவாக உயர்ந்து அந்த வெளிச்சத்தைப் பிடிக்கப் பார்க்கின்றன. கதவை மூடியதும் கை வெறுமையாக நிற்கிறது. 1818இன் அந்தப் படுக்கையறைக் கை இதுதான். படத்தின் தொடக்கப் பெயர் வரிசையிலும், மேடையில் கோடு போட்டது போல, அவன் பாத்திரத்துக்கு நேரே ஒரு கேள்விக்குறி மட்டும் போட்டிருப்பார்கள்.

அந்த முகம் யூனிவர்சலின் உடைமையானது. 1957இல் பிரிட்டனின் ஹாமர் நிறுவனம் வண்ணத்தில் படம் எடுத்தபோது அதன் சாயலே வரக்கூடாது என்ற நிலை. அதனால் கிறிஸ்டோஃபர் லீக்கு ஃபில் லீக்கி வேறு முகம் செய்தார், வெளிறிய, பிய்ந்து ஒட்டிய தோலும் ஒரு பழுதான கண்ணும். ஆறடி ஐந்தங்குல லீயின் முகம் நாவலின் மம்மிக்குக் கொஞ்சம் பக்கத்தில் வந்தது. அதற்குப் பிறகு எத்தனையோ பேர். 2025இல் கியெர்மோ டெல் டோரோவின் படத்தில் ஜேக்கப் எலோர்டியின் உருவம் போல்ட்டையும் தட்டைத் தலையையும் விட்டுவிட்டு, நீண்ட முடி, வெளிறிய தோல், பேச்சு ஆகியவற்றுக்குத் திரும்பி வந்தது எனக்கு நிறைவாக இருந்தது.

வரைய வேண்டும் என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது: எட்டடி, அதற்கேற்ற பருமன். தோள்வரை விழும் கரிய முடி. நல்ல பல். மெல்லிய மஞ்சள் தோல், அதன் அடியில் தசையும் நாளமும் ஓடுவது தெரிய வேண்டும். நேரான கறுத்த உதடு. கண்ணைக் கடைசியில் வரையுங்கள், வெள்ளைக்கும் விழிக்கும் நிறம் பிரியாமல், ஈரமாக. கையைப் பெரிதாக விடுங்கள்.

கையைச் சொல்வதற்குக் காரணம் கடைசிக் காட்சி. விக்டர் கப்பலில் இறந்துபோகிறான். நள்ளிரவில் சத்தம் கேட்டு வால்ட்டன் அறைக்குள் போகிறான். சவப்பெட்டிக்கு மேலே அவன் குனிந்து நிற்கிறான். முகம் தெரியவில்லை, நீண்ட பரட்டை முடி விழுந்து மறைத்திருக்கிறது. ஒரு கை மட்டும் நீண்டிருக்கிறது, மிகப் பெரிய கை, நிறத்திலும் தோலிலும் மம்மியின் கையைப் போல. அவன் நிமிர்ந்ததும் அந்த முகத்தைப் பார்த்து வால்ட்டன் தன்னை அறியாமல் கண்ணை மூடிக்கொள்கிறான். கண்ணை மூடியபடியே, போகாதே, நில் என்று கூப்பிடுகிறான்.